அந்நியப் படை மனித உரிமையைக் காக்குமா? கம்போடியாவை வைத்து ஒரு பதில்

கேள்வி இது: ஒரு அரசு தன் மக்களையே கொன்று குவிக்கும்போது, வெளிநாட்டுப் படை உள்ளே போய் அவர்களின் உரிமையைக் காப்பாற்ற முடியுமா? இல்லை, மனித உரிமை என்பது எண்ணெய்க்கும் ஆதிக்கத்துக்கும் சொல்லப்படும் சாக்குதானா?

இதைக் கேட்பவர்களில் பெரும்பாலானோர் இராக்கை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அதில் தப்பில்லை. 2003-இல் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லிப் படையெடுத்தார்கள். ஆயுதம் அகப்படவில்லை. அதற்கு அப்புறம்தான் சதாம் உசேனின் கொடுமைகளைப் பற்றிய பேச்சு முன்னுக்கு வந்தது. அதே சதாமின் படை 1988-இல் ஹலப்ஜாவில் விஷவாயு போட்டு சுமார் 5,000 குர்துகளைக் கொன்றபோது எந்த நாட்டுப் படையும் கிளம்பவில்லை. இதையெல்லாம் பார்த்தவர் "எல்லாம் நாடகம்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வராது. ஆனால் அந்த ஒரு வரியோடு முடித்துக்கொண்டால், 1979 ஜனவரியில் சாவின் விளிம்பிலிருந்து மீண்ட கம்போடிய மக்களுக்கு நாம் என்ன சொல்வது?

என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்துகொண்டிருக்கும் கொலையை அந்நியப் படையால் நிறுத்த முடியும். பல இடங்களில் நிறுத்தியிருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு அந்த மக்கள் பயமில்லாமல் பேசி, ஓட்டுப் போட்டு, நீதி கேட்டு வாழ்கிற ஒரு நாட்டை அந்தப் படை கட்டிக் கொடுத்ததற்கு உதாரணம் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த இரண்டையும் ஒரே வேலை என்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

கம்போடியாவுக்கு வருகிறேன். 1975 ஏப்ரல் 17 அன்று போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தது. உடனே ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களைக்கூட விடவில்லை. கட்டிலோடு தள்ளிக்கொண்டு போன குடும்பங்கள் உண்டு. பணத்தை ஒழித்தார்கள், பள்ளிகளை மூடினார்கள், எல்லோரையும் வயலுக்கு விரட்டினார்கள். அந்தக் காலத்தைக் கம்போடியர்கள் இன்றும் நாள் கணக்கோடுதான் சொல்வார்கள்: மூன்று வருடம், எட்டு மாதம், இருபது நாள். அதற்குள் சுமார் 17 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் செத்தார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே 80 லட்சத்தை ஒட்டித்தான் இருந்தது.

புனோம் பென்னில் ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. மூன்று மாடிக் கட்டடங்கள், நடுவில் முற்றம், பிள்ளைகள் உடற்பயிற்சி செய்ய மரக்கம்பம். அதைத்தான் துவோல் ஸ்லெங் சிறையாக மாற்றினார்கள். வகுப்பறைகளுக்குள் செங்கல் வைத்து ஒரு ஆள் மட்டும் உட்காரும் அளவுக்குக் கூண்டுகள் கட்டினார்கள். கைதிகள் குதித்து உயிரை விட்டுவிடக் கூடாது என்று மாடித் தாழ்வாரம் முழுக்க முள்கம்பி வலை அடித்தார்கள். உடற்பயிற்சிக் கம்பம் கைதிகளைத் தலைகீழாகத் தொங்கவிட ஆயிற்று. உள்ளே வந்த ஒவ்வொருவரையும் எண் பலகையோடு படம் பிடித்தார்கள், குழந்தைகளையும் சேர்த்து. அங்கே அடைக்கப்பட்டவர்கள் குறைந்தது 14,000 பேர். 1979 ஜனவரியில் வியட்நாம் படையோடு வந்த போர்ப் புகைப்படக்காரர்கள் பிண வாடை வந்த திசையில் போய்த்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அவசரத்தில் விட்டுவிட்டு ஓடிய 14 உடல்கள் கிடந்தன, சில இரும்புக் கட்டிலோடு கட்டியபடியே. அந்த 14 பேரின் கல்லறைகள் இன்றும் பள்ளி முற்றத்தில் இருக்கின்றன.

அந்தக் கொலையை நிறுத்தியது யார்? வியட்நாம். எதற்காக நிறுத்தியது? கம்போடியர்கள் மீதுள்ள இரக்கத்தால் என்று வியட்நாமே சொல்லவில்லை. கெமர் ரூஜ் படை எல்லை தாண்டி வந்து வியட்நாம் கிராமங்களைத் தாக்கிக்கொண்டிருந்தது. 1978 ஏப்ரலில் பா சுக் என்ற ஊரில் மட்டும் 3,000 பேருக்கு மேல் கொன்றுபோட்டார்கள். கெமர் ரூஜுக்குப் பின்னால் சீனா, வியட்நாமுக்குப் பின்னால் சோவியத் ஒன்றியம் என்ற பெரிய கணக்கும் இருந்தது. 1978 டிசம்பர் 25 அன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் எல்லையைக் கடந்தார்கள். 1979 ஜனவரி 7 அன்று புனோம் பென் விழுந்தது. இரண்டே வாரம். உலகம் கேட்டபோது, நாங்கள் எங்கள் எல்லையைத்தான் காத்தோம், ஆட்சியைக் கவிழ்த்தது கம்போடிய மக்களே என்றது வியட்நாம் அரசு.

உலகம் நன்றி சொன்னதா? 1979 பிப்ரவரியில் சீனா வியட்நாமைத் தாக்கியது. நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை அந்நியப் படைகள் கம்போடியாவை விட்டு வெளியேற வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஆதரவு 91, எதிர்ப்பு 21. கம்போடியாவின் ஐ.நா. இருக்கை அப்புறமும் பல ஆண்டுகள் கெமர் ரூஜ் தரப்பிடமே இருந்தது. தன் மக்களில் ஐந்தில் ஒருவரைச் சாகடித்த கூட்டம் அந்த மக்களின் பிரதிநிதியாக நியூயார்க்கில் உட்கார்ந்திருந்தது. புனோம் பென்னின் புதிய அரசை 1980-இல் அங்கீகரித்த சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்த முடிவை நான் இன்றும் சரி என்றே நினைக்கிறேன்.

நோக்கம் சுத்தமானதா என்று முதலில் கேட்பது நம் வழக்கம். வீடு பற்றி எரியும்போது தண்ணீர்க் குடத்தோடு வருகிறவனின் ஜாதகத்தை யாரும் பார்ப்பதில்லை. வியட்நாம் வந்தது தன் நலனுக்காக. 1971-இல் இந்தியா கிழக்குப் பாகிஸ்தானுக்குள் (இன்றைய வங்கதேசம்) போனதிலும் தன் நலன் இருந்தது. சுமார் ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்து நின்றார்கள், பாகிஸ்தானைப் பிளக்கும் வாய்ப்பும் கண்முன் இருந்தது. 1979-இல் தான்சானியா உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீனை விரட்டியதற்குக் காரணம், முந்தைய ஆண்டு அமீனின் படை தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் புகுந்ததுதான். பத்தே ஆண்டுக்குள் மூன்று பெரும் கொடுமைகளை முடித்துவைத்தவை பக்கத்து நாட்டுப் படைகள். மூன்றுக்கும் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் அனுமதி கிடையாது. இந்தியாவுக்கு எதிராகவும் 1971 டிசம்பர் 7 அன்று பொதுச்சபையில் 104 நாடுகள் ஓட்டுப் போட்டன.

சொந்த நலன் கலந்திருந்தால் அந்தத் தலையீடு கறைபட்டுவிட்டது என்று ஒரு வாதம் உண்டு. நான் இதற்கு நேர் எதிராக யோசிக்கிறேன். ஒரு படை இழப்பைத் தாங்கி நிற்க வேண்டும் என்றால், அதை அனுப்பிய நாட்டுக்கு அங்கே ஏதாவது இருக்க வேண்டும். எதுவுமே இல்லாத நாடு முதல் அடியிலேயே மூட்டை கட்டிவிடும்.

ருவாண்டாவில் அதுதான் நடந்தது. 1994 ஏப்ரலில் ஹூட்டு தீவிரவாதிகள் சிறுபான்மை டூட்சி மக்களைக் கொல்லத் தொடங்கியபோது அங்கே சுமார் 2,500 ஐ.நா. வீரர்கள் இருந்தார்கள். ஆரம்பத்திலேயே பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். பெல்ஜியம் தன் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டது. தலைநகர் கிகாலியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளி. பெல்ஜிய வீரர்கள் காவல் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் சுமார் 2,000 பேர் அங்கே தஞ்சம் புகுந்திருந்தார்கள். வெளியே வெட்டுக்கத்தியோடு கும்பல் காத்திருந்தது. ஏப்ரல் 11 அன்று வெள்ளையர்களை ஏற்றிக்கொண்டு வீரர்களின் வண்டிகள் கிளம்பின. மக்கள் வண்டிக்கு முன்னால் படுத்துக்கொண்டார்கள். வீரர்கள் வானத்தை நோக்கிச் சுட்டு வழியை உண்டாக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே அந்த மக்களை ஓட்டிக்கொண்டு போய்ப் பெரும்பாலானவர்களைக் கொன்றார்கள். பத்து நாள் கழித்து பாதுகாப்புச் சபை படையின் எண்ணிக்கையை 270 ஆகக் குறைக்கத் தீர்மானித்தது. ஐ.நா. படைத் தளபதி டலேர் இன்னும் ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் போனார்கள். எனக்கு மனதை அறுப்பது என்னவென்றால், திரும்பிப் போகாமல் நின்ற சில நூறு வீரர்கள், அதில் பெரும்பாலானோர் கானா நாட்டவர், அரைகுறை ஆயுதத்தோடு பல ஆயிரம் பேரைக் காப்பாற்றினார்கள் என்பதுதான். நின்ற இடத்தில் உயிர் பிழைத்தது.

இதைப் படிக்கிற தமிழருக்குக் கிளிநொச்சி நினைவுக்கு வராமல் இருக்காது. 2008 செப்டம்பரில் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று இலங்கை அரசு சொன்னதும் ஐ.நா. ஊழியர்கள் வெளியேறக் கிளம்பினார்கள். மக்கள் அலுவலக வாசலில் கூடி, போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள். அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. பார்க்கிற கண் மட்டும்தான் இருந்தது. அதுவும் போனது. அடுத்த மே மாதம் வரை என்ன நடந்தது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. தான் கடமையில் தவறியதை ஐ.நா.வின் சொந்த விசாரணை அறிக்கையே 2012-இல் ஒப்புக்கொண்டது.

ஆகவே, யாரும் எங்கேயும் போகவே கூடாது என்று சொல்பவர்களோடு என்னால் சேர முடியாது. தலையிடாமல் இருப்பதற்கும் பிணக்கணக்கு உண்டு. ஆனால் தலையீடு எப்படிக் கெட்டுப்போகிறது என்பதையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும். அதற்கு லிபியாவை எடுத்துக்கொள்வோம்.

2011 மார்ச்சில் லிபியாவை ஆண்ட கடாபியின் படை, அவருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்திருந்த பெங்காசி நகரை நெருங்கியது. பொதுமக்களைக் காப்பாற்ற "தேவையான எல்லா நடவடிக்கைகளும்" எடுக்கலாம் என்று மார்ச் 17 அன்று பாதுகாப்புச் சபை அனுமதி கொடுத்தது. பத்து நாடுகள் ஆதரவு, ஐந்து நாடுகள் ஓட்டுப் போடவில்லை. அந்த ஐந்தில் இந்தியா ஒன்று. சட்டப்படி பார்த்தால் கம்போடியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இல்லாத அனுமதி லிபியாவுக்கு இருந்தது. சில நாட்களில் பெங்காசி தப்பியது. அங்கே நிறுத்தியிருந்தால் கதை வேறு. நேட்டோ என்ற மேற்கத்திய ராணுவக் கூட்டணியின் குண்டுவீச்சு ஏழு மாதம் ஓடியது. மக்களைக் காப்பது என்று தொடங்கியது ஆட்சியைக் கவிழ்ப்பதாக மாறியது. அக்டோபர் 20 அன்று கடாபி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாதக் கடைசியில் நேட்டோ வேலை முடிந்தது என்று அறிவித்துக் கிளம்பிவிட்டது.

வேலை முடியவில்லை என்பதற்குத் தவெர்காவே சாட்சி. மிஸ்ராட்டா நகரத்துக்குப் பக்கத்து ஊர் அது. அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பு நிற லிபியர்கள். கடாபிக்குத் துணை போனார்கள் என்று சொல்லி, 2011 ஆகஸ்டில் மிஸ்ராட்டாவின் போராளிகள் ஊர் மொத்தத்தையும் விரட்டினார்கள். முப்பது நாற்பதாயிரம் பேர். வீடுகளைக் கொளுத்தினார்கள். பல ஆண்டுகள் அந்த மக்கள் முகாம்களில் கிடந்தார்கள். பொதுமக்களைக் காக்கத்தான் அனுமதி என்றால் தவெர்கா மக்களும் பொதுமக்கள்தானே? ஆனால் விரட்டியது தங்கள் பக்கத்துப் போராளிகள். வானத்தில் பறந்தவர்களுக்கு அது தங்கள் வேலையாகத் தெரியவில்லை. வானிலிருந்து குண்டு போடுகிறவர்கள் ஒரு பக்கத்தை ஜெயிக்கவைக்கலாம். ஜெயித்தவன் மறுநாள் என்ன செய்கிறான் என்று பார்த்துத் தடுக்கத் தரையில் ஆள் வேண்டும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழுவே 2016-இல், பொதுமக்களுக்கு இருந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்றும், காப்பாற்றும் வேலை ஆட்சி மாற்றமாக வழுக்கிவிட்டது என்றும் எழுதியது. கடாபிக்குப் பிந்தைய நாளுக்குத் திட்டமிடாததுதான் தன் மிகப் பெரிய தவறு என்று ஒபாமாவும் சொன்னார்.

கொசோவோவிலும் இதே நோய் வேறு விதத்தில் இருந்தது. அங்கிருந்த அல்பேனியர்களைச் செர்பிய அரசிடமிருந்து காக்க என்று 1999-இல் நேட்டோ 78 நாள் வானிலிருந்து குண்டு வீசியது. அது தொடங்கிய பிறகுதான் செர்பியப் படைகள் அல்பேனியர்களை மிகப் பெரிய அளவில் விரட்டின. கடைசியில் அவர்கள் வீடு திரும்பினார்கள் என்பது உண்மை. திரும்பியதும் செர்பியர்களும் ரோமா மக்களும் பழிவாங்கலுக்குப் பயந்து ஓடினார்கள் என்பதும் உண்மை.

நல்லபடியாக முடிந்ததற்கும் ஒரு உதாரணம் சொல்ல வேண்டும் என்றால் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனைச் சொல்வேன். கைகளை வெட்டுவதையே போர்முறையாக வைத்திருந்த புரட்சி ஐக்கிய முன்னணி என்ற படை 2000 மே மாதம் சுமார் 500 ஐ.நா. வீரர்களைச் சிறைபிடித்துவிட்டு, தலைநகரை நோக்கி வந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் படை முதலில் வந்தது தன் குடிமக்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போக. களத்தில் இருந்த தளபதி டேவிட் ரிச்சர்ட்ஸ் நிலைமையைப் பார்த்து, நின்று அரசுக்குத் துணையாகப் போரிட்டார். கைலாஹுனில் முற்றுகையில் கிடந்த இந்திய அமைதிப்படை வீரர்களை ஜூலையில் இந்திய வீரர்களே போய் மீட்டார்கள். ஐ.நா. படை பதினேழாயிரத்தைத் தாண்டிப் பெருகியது; 2002 ஜனவரியில் போர் முடிந்தது என்று அறிவித்தார்கள். அங்கே காரியம் நடந்ததற்குக் காரணம், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசு ஒன்று ஏற்கெனவே இருந்தது. வந்த படை அதைத் தாங்கிப் பிடித்தது. புதிதாக ஒன்றை உருவாக்கத் தேவை இருக்கவில்லை.

வங்கதேசமும் அப்படித்தான். 1970 தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ அவாமி லீக் கட்சி ஜெயித்திருந்தது. 1971 டிசம்பர் 16 அன்று டாக்கா விழுந்தபோது ஆட்சியை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 1972 மார்ச்சில் இந்தியப் படை திரும்பிவிட்டது. உருது பேசிய பிகாரி மக்கள் மீது நடந்த பழிவாங்கல் அந்த வெற்றியின் கறை. அதை மறைக்கக் கூடாது.

கம்போடியாவில் அப்படி ஒப்படைக்க யாரும் மிச்சம் இல்லை. படித்தவர்களையெல்லாம் கெமர் ரூஜ் அழித்திருந்தது. கெமர் ரூஜிலிருந்தே பிரிந்து ஓடியவர்களைக் கூட்டிவந்து வியட்நாம் அரசு அமைத்தது, பத்து ஆண்டு தங்கியது. எண்பதுகளின் நடுவில் தாய்லாந்து எல்லையில் தடுப்பு அமைக்க ஆயிரக்கணக்கான கம்போடியர்களைக் கட்டாயமாக இழுத்துப்போனார்கள். மலேரியாவிலும் கண்ணிவெடியிலும் ஏராளமானோர் செத்தார்கள். சொந்த நலன் ஒரு படையை நிற்கவைக்கும் என்றேன் அல்லவா, அதே நலன்தான் அதைப் போகவிடாமலும் செய்கிறது.

இலங்கையில் இந்திய அமைதிப்படையும் இங்கே வர வேண்டும். 1987 ஜூலையில் இலங்கை அரசின் ஒப்பந்தத்தோடு போன படை அது. யாழ்ப்பாணத்தில் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் போர். தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த வீரர்கள் நோயாளிகளையும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் சுட்டுக்கொன்றார்கள். 1990 மார்ச்சில் கிளம்பும்போது இந்தியா ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. காக்க வந்த படை யாரைக் காக்க வந்ததோ அவர்களையே எதிரியாகப் பார்க்கத் தொடங்க மூன்று மாதம் போதுமாக இருந்தது. நாட்டுக்கு நாடு அமைதிகாக்கப் போகிற எந்தப் படைக்கும் இது நடக்கலாம் என்பதால்தான் சொல்கிறேன்.

அப்படியானால் சட்டத்தைத் தளர்த்தி, கொடுமை நடக்கும் இடத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம் என்று வைக்கலாமா? வேண்டாம் என்பேன். 1938-இல் செக்கோஸ்லோவாகியாவில் வாழ்ந்த சுடேட்டன் ஜெர்மானியர்களைக் காப்பாற்றப் போவதாகத்தான் ஹிட்லர் சொன்னார். 2022-இல் கிழக்கு உக்ரைனின் டான்பாஸ் பகுதியில் இனப்படுகொலை நடக்கிறது என்று சொல்லித்தான் புடின் உக்ரைனுக்குள் படையை அனுப்பினார். அந்தப் போரை நிறுத்தும்படி சர்வதேச நீதிமன்றம் 13-க்கு 2 என்று உத்தரவிட்டும் நிற்கவில்லை. வாசலை அகலமாகத் திறந்தால் முதலில் நுழைபவர்கள் இவர்கள்தான். மக்களைக் காக்கும் பொறுப்பு உலகத்துக்கும் உண்டு என்று 2005-இல் எல்லா நாடுகளும் ஐ.நா.வில் ஒப்புக்கொண்டன, ஆனால் பாதுகாப்புச் சபையில் வீட்டோ (தடுக்கும் உரிமை) வைத்திருப்பவர்கள் மனம் வைத்தால் மட்டுமே அது நடக்கும். விதியை மீறிப் போகிறவர் அந்தப் பழியைத் தலையில் சுமந்துகொண்டு போகட்டும், பிறகு கணக்குக் காட்டட்டும். வியட்நாம் அப்படிச் சுமந்தது.

நாளை எங்கேயாவது படை அனுப்ப வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் நான் பார்ப்பது இவற்றைத்தான்: இந்த வாரம் அங்கே கொலை நடந்துகொண்டிருக்கிறதா, போகிறவர்கள் தரையில் இறங்கி இழப்பைத் தாங்கத் தயாரா, கொலை நின்ற மறுநாள் பொறுப்பை வாங்கிக்கொள்ள அந்த மக்களே நம்பும் ஆட்கள் அங்கே இருக்கிறார்களா. மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்பதே பதில் என்றாலும் சில சமயம் போகத்தான் வேண்டியிருக்கும். கம்போடியா அப்படிப்பட்ட இடம்.

துவோல் ஸ்லெங்கில் உயிர் பிழைத்த சிலரில் வான் நாத் ஒருவர். ஓவியர். போல் பாட்டின் உருவப்படங்களை வரைந்து கொடுக்க ஆள் தேவைப்பட்டதால் அவரைக் கொல்லாமல் வைத்திருந்தார்கள். 1979 ஜனவரி 7 அன்று காவலர்கள் அவரையும் மற்றவர்களையும் வெளியே நடத்திக்கொண்டு போனபோது, வியட்நாம் படை வந்த கலவரத்தில்தான் தப்பினார். தான் பார்த்த சித்திரவதைகளை அப்புறம் படங்களாக வரைந்தார். அவை அந்தச் சிறைச் சுவர்களிலேயே மாட்டப்பட்டன. சிறைத் தலைவன் டுய்க்குக்கு எதிராக அவர் சாட்சிக் கூண்டில் ஏறியது 2009-இல், முப்பது ஆண்டு கழித்து. கெமர் ரூஜ் தலைவர்களை விசாரித்த அந்தச் சிறப்பு நீதிமன்றம் 2022-இல் முடிவுக்கு வந்தபோது தண்டனை பெற்றவர்கள் மொத்தம் மூன்று பேர். அதற்கு மேல் வழக்குகள் போகக் கூடாது என்று தடுத்து நின்றவர் ஹுன் சென். 1979-இல் வியட்நாம் படையோடு வந்தவர், 1985 முதல் 2023 வரை பிரதமராக இருந்துவிட்டு அந்தப் பதவியைத் தன் மகனிடம் கொடுத்தவர்.